முன்னறையில் நடந்த குற்றம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீயும் அத்தானும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

படித்த புத்தகங்களைப் பற்றி நான் புனைபெயரில் இணையத்தில் எழுதுவது உனக்கு மட்டும்தான் தெரியும். அதை ஒருத்தி வரி விடாமல் எடுத்துத் தன் பக்கத்தில், தன் படத்தோடு போடுகிறாள். திருடியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் பக்கத்தில் ஈ காக்கை இல்லை. அவள் பக்கத்தில் நிற்க இடமில்லை. "எப்படிங்க இவ்வளவு ஆழமா யோசிக்கிறீங்க?" என்று ஒருவர் உருகுகிறார். "தானா வருதுங்க" என்கிறாள் இவள். தானாக வருகிறதாம்! நான் முட்டி மோதி எழுதிய வரி, அக்கா. அதற்குக் கீழே உன் பெயரில் ஓர் இதயக் குறியும் கிடக்கிறது. அதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

காவல் நிலையத்துக்குப் போனேன். "குற்றம் எங்கம்மா நடந்துச்சு?" என்று கேட்டார் எழுத்தர்.

"இணையத்துல சார்."

"அது எந்த ஸ்டேஷன் எல்லை? சரி விடுங்க, நீங்க எங்க இருந்து பாத்தீங்க?"

"படுக்கையறையில இருந்து."

அவர் எழுந்து சுவரிலிருந்த வரைபடத்தில் நம் வீட்டின் மேல் விரலை வைத்தார். எல்லைக்கோடு நம் வீட்டுக்கு நடுவே போகிறதாம். படுக்கையறை அடுத்த நிலையத்துக்குச் சொந்தமாம். "முன்னறையில உக்காந்து இன்னொரு தடவ பாத்துட்டு வாங்க, எழுதிக்கறேன்" என்றார். வந்து உட்கார்ந்து பார்த்தேன். அதற்குள் பாராட்டு இன்னும் கூடியிருந்தது. "போன்ல யாரப் பாத்துடி இப்படிப் பல்லக் கடிக்கிற?" என்றாள் அம்மா. குற்றத்தை முன்னறைக்கு மாற்றுகிறேன் என்றா சொல்வது?

திரும்பிப் போனால் ஆய்வாளர் வேறு கணக்குப் போட்டார். அவள் இருப்பது ஒரு நாடு, அந்தத் தளத்தை நடத்தும் கம்பெனி இன்னொரு நாடு, அதன் கணினிகள் மூன்றாவது நாடு. "எங்க கை அவ்வளவு தூரம் நீளாதும்மா" என்று அனுப்பிவிட்டார். கம்பெனிக்காரர்களைக் கேட்டால், தங்கள் நாட்டு நீதிமன்ற உத்தரவு இருந்தால்தான் அசைவார்களாம். அந்த நாட்டில்தான் நீ குடித்தனம் நடத்துகிறாய். ஒரு வக்கீலைப் பிடித்து அவள் பக்கத்தை இழுத்து மூட வை. அப்படியே அந்த இதயத்தையும் எடுத்துவிடு. மின்னஞ்சல் போட்டால் அது எவன் எல்லைக்குள் போய் விழுமோ என்று பயந்து தாளில் எழுதுகிறேன்.

அத்தானுக்கு வணக்கம், குட்டிக்கு என் முத்தங்கள்.

கோபம் தணியாத உன் தங்கை

பி.கு.: வக்கீல் வேண்டாம். உறையை ஒட்டுமுன் அவள் பக்கத்தை ஒருமுறை பார்த்தேன். பயந்தாளோ என்னவோ, அவளே எல்லாவற்றையும் நீக்கிவிட்டாள். கூடவே பாராட்டுகளும் போய்விட்டன. தினமும் அவற்றைப் படித்துவிட்டுத்தான் அடுத்ததை எழுத உட்காருவேன். எல்லாம் என் வரிகளுக்கு வந்தவைதானே? அவற்றைத் திரும்பப் போடச் சொல்லி எந்த நாட்டு நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று அத்தானை விசாரித்துச் சொல்.