தண்பொழில் நாட்டின் சராசரி

வரைபடத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. தண்பொழில் என்று ஒரு நாடு இருந்தது. நன்றி சொல்வதில் அந்த நாட்டு மக்களை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. மழை பெய்தால் பெய்வித்த மன்னருக்கு நன்றி. பெய்யாவிட்டால் வெள்ளம் வராமல் காத்தாரே, அதற்கும் நன்றி. ஆண்டின் முதல் நாளில் நன்றித் திருநாள் என்றே ஒன்று உண்டு. போன ஆண்டின் சராசரி வெப்பம் எத்தனை டிகிரி என்று கல்லில் வெட்டி, அன்றைக்கு அரண்மனை வாசலில் நட்டுவைப்பார்கள். அப்படி எழுபது கற்கள் வரிசையாக நின்றன.

அந்தக் கணக்குக்காக வெப்பமானியைப் பார்த்து எழுதும் வேலை சந்தனமாரிக்கு. கடற்கரை மேட்டில் ஒரு வெள்ளைப் பெட்டி, உள்ளே வெப்பமானி, பக்கத்தில் ஒரு பெரிய மணி. பாதரசம் நாற்பதைத் தாண்டினால் அவள் மணியடிக்க வேண்டும். அடித்துவிட்டால் வெயிலில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் நிழலுக்குப் போகலாம், யாரும் ஏன் என்று கேட்க முடியாது. முன்னோர் போட்ட நல்ல சட்டம் அது. மேட்டுக்குக் கீழேதான் உப்பளம். அவள் புருஷன் அய்யாத்துரைக்கு அங்கேதான் வேலை. ஏற்கெனவே ஒரு கோடையில் சுருண்டு விழுந்து பிழைத்தவர். இன்னொரு தடவை விழுந்தால் தன்னால் ஆகாது என்று வைத்தியர் கையை விரித்திருந்தார். அதனால் அவளுக்கு அந்த மணி வெறும் மணி இல்லை.

இப்போதைய மன்னர் தண்ணளியாரின் தாத்தா காலத்தில் மணி ஆண்டுக்கு ஒன்பது நாள்தான் அடித்தது. இப்போது நூற்றுப்பத்து நாள். கல்லில் இருபத்தாறாக இருந்தது இருபத்தெட்டாகிவிட்டது. இரண்டு டிகிரிதானே என்கிறவர்கள் ஒரே ஒரு நாள் உப்பளத்தில் வந்து நின்று பார்க்கட்டும்.

மன்னருக்கும் இதில் மனவருத்தம்தான். தாத்தாவின் கல்லுக்குப் பக்கத்தில் தன் கல் மதிப்பில்லாமல் நிற்கிறதே என்று அவையில் புலம்பினார். பருவநிலை அமைச்சர் மெய்யழகர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நாட்டில் வெப்பம் கூடவில்லை, மன்னா. வெப்பமானியை வெளியே வைத்திருக்கிறார்கள். வெளியே நின்றால் யாருக்குத்தான் சுடாது?"

அவை அசந்துபோனது. வெப்பமானி ஆலமரத்தடிக்குப் போனது. மணி நாற்பது நாளாகக் குறைந்தது. நிழல் என்று வந்த பிறகு அரைகுறை நிழல் எதற்கு என்று மறு ஆண்டு அமைச்சர் யோசித்தார். அரண்மனைக்காகக் கப்பலில் வரும் பனிக்கட்டியை மேட்டுக்குப் பின்னால் ஒரு கிடங்கில் அடுக்கி வைத்திருந்தார்கள். வெப்பமானியை அதற்குள் கொண்டுபோய் மாட்டச் சொல்லிவிட்டார்.

சந்தனமாரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தாள். "ஐயா, இது பனிக்கட்டியோட சூடு. நாட்டோட சூடு இல்லீங்களே."

"பனிக்கட்டியும் இந்த நாட்டில்தானே அம்மா இருக்கிறது?" என்றார் அமைச்சர்.

அந்த ஆண்டுச் சராசரி பன்னிரண்டு. அடேயப்பா, எப்பேர்ப்பட்ட கல்! மக்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே நன்றி சொன்னார்கள். மணியோ ஒரு நாள்கூட அடிக்கவில்லை. அடுத்த கோடையில் உப்பளத்தில் மூன்று பேர் விழுந்தார்கள், எழுந்திருக்கவில்லை. வெயில் என்று எழுதலாமென்றால் நாட்டில்தான் வெயிலே இல்லையே. காரணம் எழுதாமல் விடவும் விதியில்லை. அரசு மருத்துவர் நெடுநேரம் யோசித்து 'குளிர்' என்று எழுதினார்.

நான்காவதாக விழுந்தது அய்யாத்துரை. நாலு பேர் தூக்கி வந்து போட்டார்கள். சந்தனமாரி ஈரச் சாக்கைப் போர்த்தி, வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, இரண்டு நாள் பக்கத்தை விட்டு நகரவில்லை. எப்படியோ கண் திறந்தார். அவள் கும்பிடாத சாமி இல்லை. ஆனால் ஏழு நாளுக்கு மேல் விடுப்பு இல்லை, எட்டாம் நாளே அவர் உப்புப் பாத்தியில் இறங்கியாக வேண்டும்.

இதற்குள் அயல்நாட்டுத் தூதர்கள் மன்னரிடம், "உங்கள் நாட்டில் குளிரால் சாகிறார்களாமே, என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார்கள். மன்னர் கண்கலங்கினார். உண்மையிலேயே இளகிய மனசு அவருக்கு, பாவம். அன்றே குளிர்க் காப்புச் சட்டம் பிறந்தது. வீட்டுக்கு ஒரு கம்பளி. பாதரசம் பதினைந்துக்குக் கீழே இறங்கினால் மணியடித்து, அது ஏறும்வரை எல்லா வேலையையும் நிறுத்த வேண்டும். சட்டத்தை எழுதிய மெய்யழகர் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். வெப்பமானி எங்கே இருக்கிறது என்பதை. தன் பொய்யைத் தானே நம்பிவிடுவது அந்த நாட்டு அமைச்சர்களின் வழக்கம்.

மறுநாள் காலை சந்தனமாரி கிடங்குக்குள் போனாள். பன்னிரண்டு. வெளியே வந்து, சட்டத்தை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். உப்பளத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். கொடுத்த கம்பளியைக் கம்பில் கட்டிப் பந்தல் போட்டு அதன் நிழலில் படுத்துக்கொண்டு மன்னரை மனதார வாழ்த்தினார்கள். மாலையிலும் பன்னிரண்டு. மறுநாளும் பன்னிரண்டு. பத்து நாள் ஒரு கல் உப்புகூட யாரும் வாரவில்லை.

பதினோராம் நாள் உச்சிவேளையில் அமைச்சர் மேடேறி வந்தார். அங்கி நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"எதற்கம்மா மணி?"

"குளிருக்குங்க ஐயா. பன்னிரண்டு காட்டுது."

"உனக்குக் குளிர்கிறதா?"

"எனக்குக் குளிருதான்னு சட்டத்துல கேக்கலையேங்க. வெப்பமானி என்ன சொல்லுதுன்னுதான் கேட்டிருக்கு."

வெயில் என்றால் கல் பொய்யாகும். குளிர் என்றால் உப்பு வராது. கடைசியில் அமைச்சர் கிடங்குக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, அவளைப் பார்க்காமலே இறங்கிப் போனார். நாலே நாளில் பனிக்கட்டி தண்ணீராக ஓடியது. பாதரசம் பதினைந்தைத் தாண்டியது, இருபதைத் தாண்டியது, ஐந்தாம் நாள் நண்பகலில் நாற்பதையும் தாண்டியது. பழைய சட்டத்தை யாரும் நீக்கியிருக்கவில்லை. சந்தனமாரி மணியடித்தாள். அய்யாத்துரை நிழலுக்குப் போனார்.

அதற்கடுத்த ஆண்டு முழுக்கக் கதவு திறந்தே கிடந்தது. மணி நூற்றுப்பன்னிரண்டு நாள் அடித்தது. சராசரி இருபத்தொன்பது. மன்னர் நடுங்கிப்போனார். மெய்யழகர் நடுங்கவில்லை. "இரண்டே ஆண்டில் பதினேழு டிகிரிக் குளிரை நாட்டை விட்டே விரட்டியிருக்கிறோம், மன்னா" என்றார்.

நன்றித் திருநாளில் 'குளிரை வென்ற கொற்றவர்' என்று தோரணம் கட்டியிருந்தார்கள். கூட்டத்தில் சந்தனமாரி கை சிவக்கத் தட்டினாள். அய்யாத்துரை அவள் காதருகே குனிந்து கேட்டார்: "இவ்வளவு பலமா எதுக்குடி தட்டுற?"

"நீங்க பக்கத்துல நிக்கிறீங்கல்ல, அதுக்கு."

ஆரவாரத்தைக் கண்டு மன்னர் கையை உயர்த்தினார். "என் மக்களே, குளிரை இனி இந்த மண்ணில் காலெடுத்து வைக்க விடமாட்டேன். ஆண்டுதோறும் சராசரி உயர்ந்துகொண்டே இருக்கும். இது என் வாக்குறுதி."

சந்தனமாரியின் கைகள் அப்படியே நின்றன. தண்பொழில் அரசு கொடுத்த வாக்குறுதிகளில் ஓர் ஆண்டும் தவறாமல் இன்றுவரை நிறைவேறி வருவது அது ஒன்றுதான்.