சோகப் பாட்டுக்கு நாங்கள் செய்த ஏற்பாடு

ஒரு காதல் தோல்வியை முறைப்படி கூட்டம் போட்டு, ஒருமனதாக நிறைவேற்றிய இசை நிறுவனம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான். அதன் 'உணர்ச்சிப் பிரிவு' மேலாளர் என்ற முறையில் இதைத் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு காலத்தில் ஊரையே அழவைத்த பழைய பிரிவுப் பாட்டு ஒன்றைப் புதுக் குரலில் வெளியிடத் தீர்மானித்திருந்தோம். நாங்கள் பிடித்த பாடகிக்குக் குரல் அபாரம். குறை ஒன்றுதான்: பெண் சந்தோஷமாக இருந்தார். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். காதலன் கைவிட்டுப் போகிற சரணத்தை, அவன் வாசலில் வண்டியோடு காத்திருக்கிற மாதிரி பாடினார்.

எங்கள் இசை இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, கொஞ்சமாவது வருத்தப்படக் கூடாதா?"

"எதுக்கு சார் வருத்தப்படணும்? சாயங்காலம் அவர் வர்றாரு. பீரோ பாக்கப் போறோம்."

பீரோ பார்க்கப் போகிறவரிடம் பிரிவை எப்படி எதிர்பார்ப்பது? அவசரக் கூட்டம் கூடியது. பாடகிக்குத் 'தற்காலிகத் துயரம்' வழங்குவது என்று முடிவாயிற்று. ஒலிப்பதிவு முடியும்வரை மாப்பிள்ளை விலகியிருப்பார். முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டு வந்து சேர்ந்துகொள்வார். கலைக்காக என்றதும் அவரும் தலையாட்டிவிட்டார். ஆனால் பிரிவுக்குக் காரணமாக என்ன எழுதி அனுப்புவது என்றுதான் மனிதருக்குத் தெரியவில்லை.

"அவகிட்ட குறைன்னு சொல்ல எனக்கு ஒண்ணுமே தோணலியே சார்."

"நீங்க சும்மா இருங்க. எங்களுக்குத் தோணும்," என்றேன்.

தோன்றியது. எந்நேரமும் ஒத்திகை. பேசிக்கொண்டிருக்கும்போதே முணுமுணுப்பு. நாளைக்குப் பேரும் புகழும் வந்துவிட்டால் கடைக்காரரைத் திரும்பியாவது பார்ப்பாரா? நானே எழுதி, நானே படித்து, நானே கண் கலங்கினேன். மாப்பிள்ளை ஒரு எழுத்து மாற்றாமல் அதைச் செல்போனில் அனுப்பிவைத்தார்.

மறுநாள் பாடகி வீங்கிய கண்களோடு வந்தார். கடைசிச் சரணத்தில் குரல் உடைந்தது. பாட்டு முடிந்த பிறகும் மைக்கைப் பிடித்துக்கொண்டே நின்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் மூக்கை உறிஞ்சினார். இயக்குநர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்கும் நெஞ்சை அடைத்தது, பெருமையில்.

அடுத்து விளம்பரப் பிரிவு பாட்டைக் கேட்டது. கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கியது.

"அழுகை இருந்தா ஜிம்முல போட மாட்டாங்க சார். ஓடுறவன் நின்னுடுவான்."

நியாயம்தானே? வேகத்தைக் கூட்டினோம். டிரம்ஸ் சேர்த்தோம். உடைந்த குரலையும் விம்மலையும் 'இரைச்சல்' என்ற தலைப்பில் நீக்கினோம். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது.

மாப்பிள்ளையைத் திருப்பி ஒப்படைக்கிற வேலை பாக்கியிருந்தது. நானே நேரில் போனேன். அவர் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பதிவு முடிஞ்சுது தம்பி. போய்ச் சமாதானம் ஆகிக்கலாம்."

"இல்ல சார். நீங்க எழுதிக் குடுத்ததைத் திரும்பத் திரும்பப் படிச்சுப் பாத்தேன். எல்லாம் சரியாத்தான் படுது."

என் எழுத்துக்கு இதைவிடப் பெரிய விருது கிடைக்காது.

விஷயத்தை ஒலிப்பதிவாளர் பாடகியிடம் உளறிவிட்டார். பாடகி அலுவலகத்துக்கே வந்தார். வெற்றிக்காக வாங்கி வைத்திருந்த பூங்கொத்தை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"என் அழுகையை எடுத்துட்டீங்களாமே?"

"ஆமாம்மா. தேவைப்படல."

"அப்ப அவரை எதுக்கு சார் எடுத்தீங்க?"

முறையான கேள்வி. உடனே கூட்டம் போட்டு, பதிலையும் ஒருமனதாக நிறைவேற்றினோம்: 'சோகப் பாட்டுக்கு ஓர் இதயம் நொறுங்கியே ஆக வேண்டும். அலுவலகத்தில் ஒருவரிடமும் அது இல்லாத காரணத்தால், வெளியிலிருந்து எடுக்க நேர்ந்தது.'