கதவு நெய்த தறி

மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது எந்தக் கருவிக்குள் போகிறதோ, அந்தக் கருவி இன்னதென்று அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். இந்த உயர்ந்த கொள்கையைக் காப்பதற்காகவே அப்போது காஞ்சிபுரத்தில் மின்கருவி வகைப்பாட்டு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். மூன்று தடவை இடம் மாறி, நாலாம் தடவை மாறும்போது பலகையை மாட்ட மறந்துவிட்டார்கள். நாமாகத் தேடிப் போனால் கிடைக்காது. அவர்களாக வந்தால் தப்பிக்க முடியாது.

2007-இல் அவர்கள் ஓரிக்கைக்கு வந்தார்கள். யேசுதாஸைப் பார்க்க.

அந்த வருஷம் ஊரில் எல்லாமே கம்ப்யூட்டர். ஜோசியம் கம்ப்யூட்டரில், கண் பரிசோதனை கம்ப்யூட்டரில், ஜாக்கெட்டுக்குப் பூ போடுவது கம்ப்யூட்டரில். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மாவு மில்லில் ‘கம்ப்யூட்டர் மாவு’ என்று எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். அதே பழைய மிஷின்தான். பக்கத்தில் ஒரு கால்குலேட்டர். கூட்டம் அங்கேதான் அலைமோதியது.

சின்ன காஞ்சிபுரத்துக் கணக்கு வாத்தியார் தேவராஜன் ரிட்டையர் ஆகி, செவிலிமேட்டில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். வாசலுக்குத் தேக்குக் கதவு. கதவில் சங்கு சக்கரம். நாலு வருஷத்துக்கு முன்னால் என்றால் “நல்ல கைவேலையாக இருக்கணும்” என்று சொல்லியிருப்பார். இப்போது கைக்கு மவுசு போய்விட்டது. மனிதக் கையே படக் கூடாது என்று நிபந்தனை போட்டார். கிரகப்பிரவேசப் பத்திரிகையிலும் முகூர்த்த நேரத்துக்குக் கீழே ‘மனிதக் கை படாத கம்ப்யூட்டர் கதவு’ என்று ஒரு வரி அச்சடித்து, முந்நூறு பேருக்குக் கொடுத்துவிட்டார். முகூர்த்தம் தை இருபது.

கதவுப் பொறுப்பை ஏற்றவர் யேசுதாஸ். தச்சு வேலைக்காரர், ஆனால் எதைக் கண்டாலும் பிரித்துப் பார்க்காமல் சாப்பாடு இறங்காது. பாலாற்றுப் பக்கம் சிமென்ட் ஷீட் போட்ட அவருடைய பட்டறையில் சி.என்.சி. ரூட்டர் என்ற இயந்திரத்தை அவரே கட்டிக்கொண்டிருந்தார். மேசை மேல் மரப் பலகை. அதன் மேல் சுழலும் ஒரு சின்ன உளி. அந்த உளியை நீளத்தில், குறுக்கே, மேலும் கீழும் இழுக்க மூன்று மோட்டார். எங்கே இழுப்பது என்று கம்ப்யூட்டர் சொல்லும். மோட்டார்கள் பழைய பிரின்டர்களிலிருந்து வந்தவை. தண்டவாளம் மேசை டிராயருடையது. கம்ப்யூட்டர் மூடிப்போன பிரௌசிங் சென்டருடையது. ஆன் செய்தால் யாரோ ஒரு பையனின் நுழைவுத் தேர்வு விண்ணப்பம் இன்னும் பாதியில் நிற்கும்.

“வீட்ல இருந்த டிராயரையெல்லாம் பிடுங்கிக்கினு போயிட்டாரு. ஸ்பூனு வேணும்னா பட்டறையிலதான் தேடணும்” என்பாள் அவர் மனைவி கங்கையம்மாள்.

முதல் சக்கரத்தைச் செதுக்கிக் காட்டியபோது தேவராஜன் சட்டைப் பையிலிருந்து காம்பஸை எடுத்தார். நாற்பது வருஷமாக அந்தப் பையை விட்டு இறங்காத காம்பஸ். நடுவில் ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றினார்.

“யேசுதாஸ், இதுக்குப் பேர் என்ன?”

“சக்கரம் சார்.”

“முட்டைப்பா இது. பெருமாள் கையில் முட்டையைக் கொடுக்கச் சொல்றியா?”

அன்று முதல் மூன்று வாரம் யேசுதாஸ் இயந்திரத்துக்கு வைத்தியம் பார்த்தார். மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்ததில் மேசை கோணல், நிமிர்த்தினார். நூறு மில்லிமீட்டர் போகச் சொன்னால் நீளத்தில் நூற்றிரண்டு போனது, குறுக்கே தொண்ணூற்றெட்டில் நின்றது. கம்ப்யூட்டருக்குள் எண்களை மாற்றினார். அப்படியும் உளி இடப்பக்கம் போய்த் திரும்பும்போது ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்பியது. திருகு மரைக்கும் நட்டுக்கும் நடுவே தலைமுடி கனத்துக்கு இடைவெளி. நட்டை இரண்டாக்கி, நடுவில் பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் ஒன்றை வைத்து இறுக்கினார். எந்தப் பேனாவின் ஸ்பிரிங் தோதாக இருக்கும் என்று பார்ப்பதற்காக அக்கம்பக்கத்துப் பேனாக்களையெல்லாம் கழற்றினார். அந்த மாதம் ஓரிக்கையில் யார் பேனாவை அமுக்கினாலும் முனை வெளியே வரவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர்கள் கைநாட்டு வைத்தார்கள்.

கடைசியில் வட்டம் வந்தது. தேவராஜன் காம்பஸை எடுத்து ஏழு இடத்தில் அளந்தார். எட்டாம் இடம் தேடினார், கிடைக்கவில்லை. நல்ல பலகையில் ஏற்றிவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். யேசுதாஸ் அந்தச் சோதனைச் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதுதான் மின்கருவி வகைப்பாட்டு உதவி அலுவலர் திருஞானசம்பந்தம் வந்தார். கையில் நாற்பத்தொரு வகை எழுதிய புத்தகம். இது எந்த வகை என்று கேட்டார். தச்சுப் பட்டறை என்றார் யேசுதாஸ்.

“தச்சுப் பட்டறைன்னா ரம்பம் இருக்கணும். எங்கே?”

“இதுல ரம்பம் கெடையாது சார். உளி சுத்தி அதுவே செதுக்கிடும்.”

“அப்போ தச்சுப் பட்டறை இல்லை” என்று புத்தகத்தில் அந்த வகையை அடித்தார். கம்ப்யூட்டர் மையம் என்று யேசுதாஸ் இழுத்தார். கம்ப்யூட்டர் மையம் என்றால் செருப்பை வெளியே விடச் சொல்ல வேண்டும், தன்னை யாரும் சொல்லவில்லை என்று அதையும் அடித்தார். கீழே ஆணி கிடக்கிறது என்ற விளக்கம் ஏற்கப்படவில்லை.

பிறகு ஓட்டிக் காட்டச் சொன்னார். இயந்திரம் ஓடியது. பார்க்கப் பார்க்க அவர் முகம் தெளிந்தது. மனிதர் நெசவுக் குடும்பம்.

“நீளவாட்டத்துல ஒண்ணு போவுது. குறுக்கே ஒண்ணு போய் வருது. நீளத்துல போனா பாவு, குறுக்கே போனா ஊடை. மூணு தலைமுறையா எங்க வீட்ல இதைத்தான் பார்க்கறோம். இது தறி.”

“தறின்னா நூலு வேணுமே சார்?”

“நூல் போடறது உங்க பொறுப்பு. வகை சொல்றது எங்க பொறுப்பு.”

தறி என்று முடிவானதும், தறி அடையாள அலுவலகத்திலிருந்து சான்று வரும்வரை ஓட்டக் கூடாது என்று பிளக்கில் அரக்கு வைத்து முத்திரையிட்டார். மற்றபடி மரியாதையான மனிதர். போகும்போது, நல்ல தறி, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஐந்து நாள் கழித்து அந்த அலுவலகத்திலிருந்து பெரியநாயகி மேடம் வந்தார். அரக்கை உடைத்தார், புடவை அளக்கும் கோலால் தேக்குப் பலகையை அளந்தார். ‘நெய்யப்படும் பொருள்: கதவு. இழை: தேக்கு’ என்று எழுதினார். மின்சாரத்தில் ஓடும் தறி என்றால் அதில் பட்டு நெய்யக் கூடாது. தேக்கு என்பது பட்டு அல்ல என்று வனத்துறையிடம் சான்று வாங்கி வர வேண்டும். ஆறு மாதம் ஆகும். கைத்தறி என்றால் இங்கேயே, இப்போதே கையெழுத்து.

யேசுதாஸ் மனதுக்குள் தை இருபதை எண்ணினார். இன்னும் ஏழு நாள்.

“கைத்தறிதான் மேடம்” என்றார்.

“கை எங்கே படுது?”

யேசுதாஸ் மவுஸைத் தொட்டார். உளி நகர்ந்தது. மேடம் குனிந்து மவுஸைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி மவுஸைப் பார்த்தார்.

“கையை எடுங்க.”

எடுத்தார். ஒரு தடவை கிளப்பிவிட்டால் கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இயந்திரம் பாட்டுக்கு ஓடும். ஆனால் மேசைக்கு அடியில் தரையில் கிடந்த சுவிட்ச் பெட்டியை, பக்கத்தில் நின்ற கங்கையம்மாள் கால் பெருவிரலால் அமுக்கிவிட்டாள். எல்லாம் நின்றது.

“கையில்லாம தறி ஓடுமா மேடம்?” என்றாள்.

“கைத்தறின்னா கால் மிதி இருக்கணுமே?” என்றார் மேடம்.

“தோ என் காலுக்குக் கீழதான் இருக்குது.”

மேடத்துக்குப் பரம திருப்தி. ‘கணவர் கை, மனைவி கால். குடும்பத் தொழில்’ என்று எழுதிக்கொண்டார். இனி ஒன்றுதான் பாக்கி: இந்தப் பொருள் முழுக்க மனிதக் கையால் செய்யப்பட்டது என்று வாங்குகிறவர் உறுதிமொழி தர வேண்டும்.

யேசுதாஸ் தாளை எடுத்துக்கொண்டு சின்ன காஞ்சிபுரம் ஓடினார். தேவராஜன் தாளைப் படித்தார். மேசை மேல் மிச்சமிருந்த பத்திரிகையையும் படித்தார். தப்பான விடைக்கு அரை மார்க் கூடப் போடாதவர். கதவில்லாத வாசலையும் முந்நூறு பேரையும் அவர் மனதால் ஒரு தரம் பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்தார்.

“கையை எக்ஸ்னு வெச்சுக்கோ. பத்திரிகையில் எக்ஸ் பூஜ்யம். இதில் எக்ஸ் ஒண்ணு. ஒரே தாளில் வந்தாத்தான் தப்பு. இது வேற தாள்.”

கையெழுத்துப் போட்டார்.

நான்கு நாள் இருக்கும்போது மேடம் முத்திரைப் பிரதியோடு வந்தார். எந்தக் கைத்தறிப் பொருளானாலும் அலுவலக முத்திரை அதே தறியில் பதிந்திருக்க வேண்டும். ஒரு வட்டம், நடுவில் ஊடை நூலைக் கொண்டுபோகும் தறி நாடாவின் படம். யேசுதாஸ் அரை மணியில் கதவின் கீழ் மூலையில் செதுக்கித் தந்தார். அவ்வளவு உருண்டையான வட்டத்தை அந்த அலுவலகம் பிறந்த நாளிலிருந்து கண்டதில்லை.

மேடம் பிரதியை அதன் மேல் வைத்துப் பார்த்தார்.

“இது எங்க முத்திரை இல்லை.”

யேசுதாஸும் பார்த்தார். அலுவலகத்தின் பித்தளை முத்திரை என்றைக்கோ ஜீப்பிலிருந்து விழுந்து, அதே ஜீப் அதன் மேல் ஏறியிருந்தது. அன்றிலிருந்து எல்லாச் சான்றிதழிலும் அந்த நசுங்கிய வடிவம்தான்.

“உங்க முத்திரை நசுங்கியிருக்குது மேடம்” என்றார் மெதுவாக.

“நசுங்கினது முத்திரை. நசுங்காதது போலி. போலி முத்திரைக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா உங்களுக்கு?”

யேசுதாஸ் ஸ்பேனரை எடுத்தார். மூன்று வாரமாக இறுக்கியதை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். பேனா ஸ்பிரிங்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கம்ப்யூட்டரில் பழைய எண்களைத் திருப்பிப் போட்டார். வட்டம் இருந்த இடத்தைச் சீவிவிட்டு மறுபடி ஓட்டினார். அச்சு அசல் முட்டை. மேடம் பிரதியை வைத்தார். ஒரு இழை பிசகவில்லை.

“பார்த்தீங்களா? மனசு வெச்சா முடியுது” என்று பாராட்டினார். அதோடு, ஒப்புதல் பெற்ற நிலையிலிருந்து தறி மாறக் கூடாது என்பதற்காக நட்டுகளின் மேல் அரக்கு ஊற்றி முத்திரை வைத்தார். கம்ப்யூட்டர் எண்களையும் கோப்பில் ஏற்றினார்.

மேடம் போனபிறகுதான் யேசுதாஸுக்கு உறைத்தது. சக்கரம் இன்னும் செதுக்கவில்லை.

அரக்கை உடைத்துவிடலாமா என்று கேட்டார். கங்கையம்மாள் கதவைப் பார்த்தாள், அரக்கைப் பார்த்தாள்.

“ஒடைச்சா கதவும் போச்சு, பட்டறையும் போச்சு. ஓட்டுய்யா.”

அவர் மவுஸை அழுத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

தை இருபது அன்று கதவின் மேல் ஒரு பட்டுத்துணி போர்த்தியிருந்தது. இரண்டு அலுவலர்களும் முன்வரிசையில். கூட்டத்துக்குக் கடைசியில், செருப்புகள் கிடந்த இடத்தில் யேசுதாஸ். தேவராஜன் துணியை விலக்கினார். கை தானாகக் காம்பஸ் பைக்குள் போனது.

முன்வரிசை கழுத்தை நீட்டியது. யார் பார்த்தாலும் முட்டை.

பக்கத்து வீட்டுக் கலாவதி மட்டும் குனிந்து, கீழ் மூலையில் இருந்த முத்திரையைப் பார்த்தாள். நிமிர்ந்து சக்கரத்தைப் பார்த்தாள். அதே வடிவம், பெரிய அளவில்.

“ஏங்க, இது கவர்மென்ட் சக்கரம்” என்றாள்.

அவ்வளவுதான். அந்த வார்த்தை வாசலிலிருந்து பந்தி வரைக்கும் போய்த் திரும்பியது. ஒருவர் பின் ஒருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள். பெரியநாயகி மேடம் கைத்தறியின் நுணுக்கம் என்றார். திருஞானசம்பந்தம் ஊடை கொஞ்சமும் தளரவில்லை என்றார். கம்ப்யூட்டராச்சே, அளவு தப்புமா என்றார் ஒரு பேங்க் மேனேஜர். தேவராஜனின் கை பையிலிருந்து வெறுங்கையாக வெளியே வந்தது.

மாசி பிறப்பதற்குள் யேசுதாஸுக்கு இருபத்துமூன்று கதவு வந்துவிட்டது. எல்லாரும் செவிலிமேட்டு மாதிரியே வேண்டும் என்றார்கள். ஏற்கெனவே வட்டச் சக்கரம் வைத்திருந்தவர்கள் கதவுக்குத் திரை போட்டார்கள். என் வீட்டுக் கதவிலும் ஒன்று உண்டு, அந்தக் காலத்து உருண்டை. இத்தனை நாள் தெரியவில்லை, இப்போது பார்த்தால் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. நானும் சொல்லிவைத்தேன், இருபத்துநான்காவது.

என் கதவு என்னாயிற்று என்று கேட்க ஒருநாள் பட்டறைக்குப் போயிருந்தபோது தேவராஜன் உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து காம்பஸை எடுத்து யேசுதாஸிடம் நீட்டினார்.

“இதைக் கொஞ்சம் பாரேன். நாற்பது வருஷம் நன்னாத்தான் இருந்தது. இப்போ வட்டம் சரியா விழமாட்டேங்கறது. எங்காத்துக் கதவோட ஒத்துப் போகலை.”

யேசுதாஸ் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாத்தியார் முகத்தையும் ஒரு தரம் பார்த்தார். அப்புறம் ஸ்குரூடிரைவரை எடுத்து, திருகாணியைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தார்.

தேவராஜன் அங்கேயே ஒரு தாளில் சுற்றிப் பார்த்தார். இப்போது சரியாக இருக்கிறதாம்.