அதெல்லாம் நடக்காது, எடுத்துடுங்க!

வாசகரே, சௌகரியமாக உட்காருங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு புதிய இனத்தை அறிமுகம் செய்துவைக்கிறேன். புதிய இனம் என்றா சொன்னேன்? தப்பு. மனிதன் முதன்முதலாக ஒரு குடிசையைப் போட்டு, இடுப்பில் கைவைத்துக் கூரையை அண்ணாந்து பார்த்து, "இது எங்க விழப்போகுது!" என்று சொன்ன நாளிலிருந்து இருக்கிற இனம்தான். பெயர் மட்டும் நான் வைத்தது: நடக்காதுக்காரர்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஹெல்மெட் வைத்திருப்பார், அது தலையில் இருக்காது, முழங்கையில் தொங்கும். வானம் இருண்டு, காற்று எழுந்து, தெருநாய்கூட ஒதுங்க இடம் தேடுகிற நேரத்தில் குடையை வீட்டில் வைத்துவிட்டு, "இது பெய்யாது, சும்மா பூச்சாண்டி காட்டுது" என்று கிளம்புவார். ஆடுகிற ஏணியின் உச்சிப்படியில் நின்றுகொண்டு பல்பு மாட்டும்போது, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனைவியிடம், "நீ போய் டீயைப் போடு, எனக்கென்ன ஆகப்போகுது?" என்பார். டீ வருவதற்குள் அவர் கீழே வந்துவிடுவார், ஏணியை உபயோகிக்காமல். திருந்துவாரா? மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "ஒருதடவை விழுந்தவன் மறுபடி விழவே மாட்டான், தெரியுமா?" என்று பார்க்கவந்த நமக்கு வகுப்பெடுப்பார்.

கெட்டவரா என்றால் இல்லை. தங்கமான மனுஷர். சிரித்த முகம், தாராளமான பேச்சு, கவலை என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற சுபாவம். அதனால்தான் அவர் பக்கத்தில் இருப்பது ஆபத்து. பத்து நிமிஷம் பேசினால் நமக்கும் குடை அநாவசியமாகத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

இந்த இனத்தில் நான் பார்த்த முழு வளர்ச்சி அடைந்த மாதிரி, என் சகலை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். அவர் செய்யும் தொழில் மற்றவர்களுடைய சாமான்களுக்கு வீடு கொடுப்பது. நீளமான கட்டடம், இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு இரும்பு ஷட்டர். மாத வாடகை கொடுத்தால் உங்கள் சாமானை உள்ளே வைத்து, உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை நீங்களே கொண்டுபோகலாம். வீடு மாறுகிறவர்கள், வெளியூர் போகிறவர்கள், விற்கவும் மனசில்லாமல் வைத்துக்கொள்ளவும் இடமில்லாமல் தவிக்கிறவர்கள் எல்லாரும் வாடிக்கையாளர்கள். புருஷனும் பெண்டாட்டியும் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு, குடியிருந்த வீட்டை வங்கியில் அடமானம் வைத்துக் கட்டியது அது. அந்தக் கட்டடம் போனால் வீடும் கூடவே போகும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சகலை வைத்துக்கொள்ளவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை அங்கே இன்சூரன்ஸ் அம்மா வருவார். பொறுமைசாலி. மற்றவர்கள் இன்சூரன்ஸ் எடுப்பார்கள். என் சகலை இன்சூரன்ஸில் இருந்து எடுப்பார். அந்த அம்மா பாலிசியில் உள்ள ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, கத்திரிக்காய்க் கூடையில் சொத்தையைப் பொறுக்கிப் போடுகிற மாதிரி இவர் பொறுக்கி வெளியே போடுவார். ஒருமுறை நானும் பக்கத்தில் உட்கார்ந்து கண்குளிரப் பார்த்தேன்.

"வெள்ளம், சார்."

"நாம மேட்டுல இருக்கோம். எடுத்துடுங்க."

"திருட்டு?"

"கேமரா இருக்கே! அதுக்கே நீங்க பிரீமியத்தைக் குறைக்கணும்."

"கேமரா இல்ல சார், கேமரா வைக்கிற டப்பா இருக்கு. உள்ள குருவி கூடு கட்டியிருக்கு."

"திருடனுக்கு அது தெரியுமா? எடுத்துடுங்க."

"வர்றவங்க யாராவது வழுக்கி விழுந்தா, ஆஸ்பத்திரிச் செலவு..."

"பாத்து நடக்கறவங்க ஏன் விழறாங்க? எடுத்துடுங்க."

"ஏதாவது ஆகி ரெண்டு மூணு மாசம் மூடவேண்டி வந்தா, வாடகை நஷ்டத்துக்கு..."

"அபசகுனமாப் பேசாதீங்கம்மா. எடுத்துடுங்க."

என் மனைவியின் அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, அவங்க சொல்றதைக் கொஞ்சம் காதுல வாங்கினாத்தான் என்ன?" என்றார். சகலை ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு, பெண்களுக்கு வியாபாரம் புரியாது என்று அர்த்தம்.

அந்த அம்மா கடைசியாக ஒன்று சொன்னார். "சார், வாடகை தராதவங்க சாமானை நீங்க ஏலம் விடறீங்கல்ல? அதுல தவறிப்போய் வேற யாரோட சாமானையாவது வித்துட்டா, அவங்க கேட்கற நஷ்டஈட்டை நாங்க குடுப்போம். உங்க தொழிலுக்குன்னே இருக்கற கவர் இது. இதையாவது விட்டுவைங்க."

சகலை மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கேட்டீங்களா சகலை? நான் ஒருத்தன் சாமானை இன்னொருத்தன் சாமான்னு நினைச்சு விப்பேனாம்! எனக்கென்ன கண்ணா தெரியலை? அதெல்லாம் நடக்காது, எடுத்துடுங்க!"

எல்லாம் போய் மிஞ்சியது தீ மட்டும். அதையும், "இரும்பு எரியுமா?" என்று எடுக்கத்தான் பார்த்தார். கடன் கொடுத்த வங்கி ஒற்றைக்காலில் நின்றதால் தீ பிழைத்தது. பிரீமியம் குறைந்த சந்தோஷத்தில் எனக்கும் அந்த அம்மாவுக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "குறைஞ்சது பிரீமியம் மட்டும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா டீயைக் குடித்தார்.

இப்போது அந்த ஏல விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். யாராவது வாடகை கொடுக்காமல் இழுத்தடித்தால், அவருடைய பூட்டுக்கு மேலே சகலை தன்னுடைய சிவப்புப் பூட்டு ஒன்றைப் போடுவார். உள்ளே இருக்கிறதை இனி என்னைக் கேட்காமல் எடுக்க முடியாது என்று அர்த்தம். அறிவிப்புகள் அனுப்பி, தவணை கொடுத்து, அதற்கும் அசையாவிட்டால் பூட்டை அறுத்து, ஷட்டரைத் தூக்கி, ஏலம். ஏலம் எடுக்க வருகிறவர்கள் வாசலில் நின்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். உள்ளே கால் வைக்கக்கூடாது. அறையோடு விலை.

எல்லா இடத்திலும் இப்படிப்பட்ட சிவப்புப் பூட்டு ஒரு பை நிறைய இருக்கும். சகலையிடம் இருந்தது ஒன்றே ஒன்று. "ஒரே சமயத்துல ரெண்டு பேர் வாடகை தராம இருப்பாங்களா? அதெல்லாம் நடக்காது." வாஸ்தவம். நடக்கவில்லை. ஒருவர்தான் கொடுக்கவில்லை. உடைந்த கட்டிலையும் பழைய மெத்தைகளையும் போட்டுவிட்டு ஊரைவிட்டே போன ஒரு லாட்ஜ்காரர். அவருடைய ஷட்டரில் சிவப்புப் பூட்டுத் தொங்கியது. ஏலத்துக்கு முந்தின நாள், ஷட்டர் கைப்பிடிக்கு எண்ணெய் போடுவோம் என்று அந்தப் பூட்டைக் கழற்றிய சகலை, கையில் வைத்துக்கொண்டு எண்ணெய் போட முடியாதாகையால், அதைப் பக்கத்து அறையின் கொண்டியில் ஒரு நிமிஷத்துக்கு மாட்டினார். போன் அடித்தது. பேசிக்கொண்டே போய்விட்டார்.

அவ்வளவுதான். வேறொன்றும் செய்யவில்லை.

மறுநாள் காலை, சிவப்புப் பூட்டுத் தொங்கிய ஷட்டர் மேலே போனது. டார்ச் வெளிச்சத்தில் ஒரு சிம்மாசனம் மின்னியது! அதன் இரண்டு பக்கமும் கிரீடங்கள், வாள்கள், கேடயங்கள், ஒரு சிறைச்சாலைக் கதவு, தும்பிக்கையைத் தரையில் நீட்டிப் படுத்திருந்த ஒரு சாம்பல் நிறத் துணி யானை. ஏலத்துக்கு வந்தவர்கள் மூச்சுவிட மறந்தார்கள். நியாயமாகப் பார்த்தால் அந்த நிமிஷத்தில் நம் சகலைக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும் அல்லவா? வந்தது. என் காதோரம் குனிந்து சொன்னார்: "லாட்ஜ்காரன் ராஜா வீட்டுப் பிள்ளை போலிருக்கே சகலை! இது தெரியாம அவனை ஒருமையில திட்டிட்டேனே!"

பழைய சாமான் வியாபாரி ஒருவர் அறையோடு எடுத்தார். வேனில் யானையை ஏற்றும்போது சகலையே வாலைப் பிடித்துக்கொடுத்தார்.

அதற்கும் மறுநாள் மத்தியானம், அந்தப் பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்திருந்தவர் சாவியோடு வந்தார். நாடகக் குழு நடத்துகிறவர். அதில் ராஜபார்ட்டும் அவர்தான். சாயந்திரம் நாடகம். ஒரு மாசம்கூட வாடகை பாக்கி வைக்காதவர். அவருடைய பூட்டைக் காணோம். ஷட்டரைத் தூக்கினார். உள்ளே ஒரு துடைப்பம் இருந்தது.

"என் ராஜ்யம் எங்கேய்யா?" என்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், குருவிகள் கேமரா டப்பாவை விட்டுப் பறந்தன.

அன்றைக்கு நாங்கள் ஓடிய ஓட்டம்! முன்னால் ராஜபார்ட்டுக்காரர், நடுவில் சகலை, பின்னால் நான், எனக்கும் பின்னால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என் மனைவியின் அக்கா. அந்த வியாபாரியோ சுறுசுறுப்பானவர். ஒரே நாளில் ராஜ்யத்தைப் பங்கு போட்டு விற்றிருந்தார். கிரீடங்கள் போட்டோ ஸ்டூடியோவில் கிடைத்தன. ஒன்று, வீறிட்டு அழுகிற ஒரு கைக்குழந்தையின் கழுத்துவரை இறங்கியிருந்தது. யானையை ஒருவர் காரைப் போர்த்திவைக்க வாங்கியிருந்தார். தெருமுனையில் காது இரண்டும் தொங்க, தும்பிக்கை முன்பக்கம் சரிய, ஒரு கார் நின்றது. சுற்றிலும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள். சிம்மாசனம் சலூனில் இருந்தது. அதில் பாதி முகம் சோப்பு நுரையோடு ஒருவர் கண்மூடிச் சாய்ந்திருந்தார்.

"எழுந்திரு! அது என் அரியணை!" என்றார் ராஜபார்ட்டுக்காரர்.

"ஒரு பக்கம்தான் சார் ஆயிருக்கு" என்றார் நுரைக்காரர், பரிதாபமாக.

சலூன்காரர் அசையவில்லை. "ரெண்டு மடங்கு குடுத்தா எடுத்துட்டுப் போங்க. காலைலேருந்து கடை வாசல்ல கியூ நிக்குது, தெரியும்ல?" வாசலில் நிஜமாகவே கியூ நின்றது. ஏலத்தில் வந்த காசு அத்தனையும் இதையெல்லாம் திரும்ப வாங்கவே சரியாகப் போனது.

வாள்கள் போனது போனதுதான். நாடகம் தாமதமாக ஆரம்பித்தது. பாதிக் கூட்டம் டிக்கெட் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டது. யானைக்குள் இருவர் நுழைந்து நடப்பது வழக்கமாம், அந்த யானைக்குப் பின்னங்காலாக இருந்தவர், "வாள் இல்ல, கூட்டம் இல்ல, எனக்கு மட்டும் என்ன தலையெழுத்தா?" என்று கோபித்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார். முன்னங்கால் மட்டும் தனியாக மேடைக்கு வந்து, பின்பாதி தரையில் புரள, ஒருமாதிரியாகச் சமாளித்தது. திரை இறங்கியதும் ராஜபார்ட்டுக்காரர் கிரீடத்தைக் கழற்றாமலே சகலையிடம் வந்தார். போன வாள்கள், திருப்பிக் கொடுத்த டிக்கெட், அரங்க வாடகை, குழுவின் மானம். மானத்தைத்தான் அதிகமாகப் போட்டிருந்தார். "குடுக்கறீங்களா, கோர்ட்டுல பாத்துக்கலாமா?"

சகலையின் முகம் வெளிறிப்போனதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். கோர்ட்டுக்குப் போனால் வங்கிக்காரன் சும்மா இருப்பானா? கட்டடமும் வீடும் ஒரே மூச்சில் போகும். அவர் மேடைக்குப் பின்னால், அட்டை மரத்தடியில் நின்று இன்சூரன்ஸ் அம்மாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா, அன்னிக்குக் கடைசியாச் சொன்னீங்களே, தப்பா வித்துட்டா... அதை மட்டும் சேர்த்துக்குங்க. போன வாரத் தேதி போட்டு. பிரீமியம் எவ்வளவானாலும் சரி. பேரமே பேசமாட்டேன்."

அந்தப் பக்கத்தில் டீயை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, இத்தனை வருஷப் பொறுமைக்கும் சேர்த்துவைத்த பதில், தேன் மாதிரி வந்தது:

"அதெல்லாம் நடக்காது, சார்."

சகலை போனைச் சட்டைப்பையில் போட்டார். அப்புறம் ராஜபார்ட்டுக்காரரிடம் போய்ப் பழைய வழக்கப்படி ஆரம்பித்தார்: "இந்த மானம்ங்கற அயிட்டத்தை மட்டும் எடுத்துடுங்களேன்..." ராஜபார்ட்டுக்காரரின் மீசை துடித்தது. ஒட்டுமீசைதான்; இருந்தாலும் துடித்தது.

அப்போதுதான் என் மனைவியின் அக்கா குறுக்கே வந்து நின்றார். செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டு, நிதானமாகப் பேசினார். "அண்ணே, எங்ககிட்ட பணம் இல்ல. வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் கட்டின கட்டடம் ஒண்ணு இருக்கு, அதுல உங்க அறைக்கு இனிமே வாடகை வேணாம். அப்புறம்..." புருஷனை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். "இவர் இருக்கார். எடுத்துக்குங்க."

ராஜபார்ட்டுக்காரரும் மேலும் கீழும் பார்த்தார். உயரம் சரி. அகலம் சரி. முதுகு குனியுமா என்று கேட்டார். "இனிமே குனியும்" என்றார் அக்கா.

இன்றைக்கு நிலவரம் என்ன என்கிறீர்களா? கட்டடம் பிழைத்தது. பாலிசியில் எடுத்ததெல்லாம் திரும்ப ஏறிவிட்டது. புதுப்பிக்கிற நாளில் அக்காதான் உட்காருகிறார், சகலை டீ வாங்கப் போகிறார். ஒவ்வொரு காட்சியிலும் இரண்டாம் அங்கத்தில் யானை வரும்போது, பின்பாதிக்குள் இருட்டில் குனிந்து, யார் முதுகையோ பிடித்துக்கொண்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் அவர் நடக்கிறார். நஷ்டஈடு தீரும்வரை நடக்கவேண்டும். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறேன். வாலை நன்றாகவே ஆட்டுகிறார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்துக்கொண்டே ஒன்று சொல்லுங்கள்: உங்கள் வீட்டு கேஸ் குழாயை மாற்றி எத்தனை நாளாச்சு? வண்டி இன்சூரன்ஸ் எந்த மாசத்தோடு முடிகிறது? நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால், பாலிசி எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியுமா? பார்த்தீர்களா, அதற்குள் உதட்டைப் பிதுக்கிவிட்டீர்கள்! "நமக்கெல்லாம் எங்க..." என்று ஏதோ வாய்க்குள் முனகினீர்களே, அது எனக்கும் கேட்டது. பரவாயில்லை, கூச்சப்படாதீர்கள். ராஜபார்ட்டுக்காரர் நேற்றுத்தான் என்னிடம் விசாரித்தார். முன்னங்காலாக நடக்கிறவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். உங்கள் உயரம் என்ன?