சம்பந்தியம்மாவுக்குத் தெரிவிப்பது: எங்கள் வீட்டிலும் டிஷ்

பெரிய காஞ்சிபுரம்,
திங்கட்கிழமை.

வாலாஜாபாத்தில் இருக்கும் மரியாதைக்குரிய சம்பந்தியம்மா மேரி அவர்களுக்கு, காஞ்சிபுரத்திலிருந்து சம்பூர்ணம் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் முட்டிவலியும் சௌக்கியம். அங்கு நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் உங்கள் கோழிகளும் சௌக்கியமாக இருக்க ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் ஆண்டவரிடம் என் முட்டியைப் பற்றி நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இரண்டு பக்கமும் சொல்லிவைத்தால் தப்பில்லை.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நான் போனில் நல்ல சேதி சொல்ல ஆரம்பித்தாலே உங்களுக்கு டவர் கிடைக்காமல் போய்விடுகிறது, "கேக்கலை சம்பந்தியம்மா, கேக்கலை" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன் என்றாலும் எழுத்து என் கையில் முத்து முத்தாக வரும். ஆகவே இதைத் தாங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு, முடிந்தால் உங்கள் சர்ச்சுக்கு வரும் அம்மாக்களையும் உட்காரவைத்து, சத்தமாகப் படிக்கவும்.

சேதி இதுதான். எங்கள் வீட்டு மொட்டை மாடியிலும் டிஷ் வந்துவிட்டது. போன வருஷம் நம் பேத்தி திரிஷாவின் பிறந்தநாளுக்கு நீங்கள் இங்கு வந்தபோது புள்ளி புள்ளியாக ஓடும் என் டிவியைப் பார்த்து, "ஐயையோ, உள்ள மழை பேயுது, கொடை எடுத்துக்கினு வரட்டுமா?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வந்த விருந்தாளி, சிரிக்காமல் என்ன செய்வது. ஆனால் அன்றிலிருந்துதான் திரிஷா மாறிப்போனாள். என் மகன் சத்யராஜும் உங்கள் மகள் எஸ்தரும் ஐயம்பேட்டையில் குடியிருப்பது உங்களுக்கும் எனக்கும் நடுவில் தராசு முள் மாதிரி. சனிக்கிழமை பொழுது விடிந்தால் குழந்தை பையை மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வருவாள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் ஷேர் ஆட்டோ காஞ்சிபுரம் வரும், அந்தப் பக்கம் நின்றால் வாலாஜாபாத் போகும். உங்கள் வீட்டில்தான் டிஷ் இருக்கிறதே, அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கமே நின்றாள். ஏன்டி கண்ணு என்று கேட்டால், "ஆயா, உன் வூட்ல கார்ட்டூன்ல பூனை எது எலி எதுன்னே தெரியமாட்டேங்குது" என்றாள். பெற்ற மகன் சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன். பேத்தியை என்ன செய்வது, டிஷ் வாங்குவதென்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

டிஷ் கடைக்காரர் வந்து உட்கார்ந்து, எந்த பேக்கேஜ் வேண்டும், தமிழ் மட்டும் போதுமா, ஸ்போர்ட்ஸ் வேண்டுமா என்று காகிதத்தை நீட்டினார். "வாலாஜாபாத்துல மேரியம்மா வூட்ல இன்னா இருக்குதோ அதுக்கு மேல ஒண்ணு போடுப்பா" என்றேன். அவருக்கு மேரியம்மா யாரென்று தெரியவில்லை, ஆனாலும் இருப்பதிலேயே பெரியதைப் போட்டுவிட்டார். மாடியில் அவர் அந்தத் தட்டைத் திருப்பி வைத்ததைப் பார்த்தால் அது கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. "இன்னாப்பா, சாமிக்கு முதுகு காட்டிக்கினு?" என்றேன். "யம்மா, சேட்டிலைட்டு அந்தப் பக்கம்தான் இருக்குது, கோபுரத்துல இருந்து சிக்னல் வராதும்மா" என்றார். சரி என்று முதுகுக்கு மஞ்சள் தடவி ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டேன், சாமி பார்க்கிற பக்கம் லட்சணமாக இருக்கட்டும் என்று.

இதைக் கேள்விப்பட்டு எங்கள் தெருக் கேபிள்காரர் முனிரத்தினம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "யக்கா, இந்தத் தெருவுல மொதல்ல ஒயர் இழுத்ததே உன் வூட்டுக்குத்தான், இப்படி அறுத்துக்கினு போறியே" என்றார். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் குழந்தை ரோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதை முனிரத்தினத்துக்கு எப்படி விளக்குவது? காபி கொடுத்து அனுப்பினேன்.

இப்போதுதான் முக்கியமான இடம், கவனமாகப் படியுங்கள். டிஷ் கடைக்காரர் முனிரத்தினத்தின் ஒயரை மொத்தமாக அறுத்து எறியப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வேலை உங்களுக்குத் தெரியும். பட்டுத் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒன்று நெய்து முடிந்தால் பழைய இழைகளை முழுக்க அறுத்து எறிகிற வழக்கம் எங்களிடம் இல்லை. முனையை விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, விரலில் சாம்பல் தொட்டு, பழைய முனையோடு முறுக்கிப் பிணைப்போம். அப்போதுதான் புதுசு தறிக்குள் ஒழுங்காக ஓடும். இந்தப் பிணைப்பு வேலையில்தான் நான் பிள்ளையை வளர்த்தேன். "பழசோட முனை இல்லாம புதுசு எப்படிப்பா ஓடும்? ஒரு முழம் வுட்டு, அதோட சேத்துக் கட்டு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "யம்மா, இது வேற அது வேற" என்று சொல்லிவிட்டு, ஒயரை ஜன்னலில் சுருட்டி வைத்துவிட்டுப் போனார். அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் நான் அடுப்புச் சாம்பலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புதுப் பெட்டியிலிருந்து டிவிக்குப் போகும் ஒயரைக் கொஞ்சம் சுரண்டி, முனிரத்தினத்தின் ஒயர் முனையையும் சுரண்டி, ஒரு பாவுக்குச் செய்வது போல முறுக்கி, மேலே துணி சுற்றிவிட்டேன். டிவி போட்டேன். சம்பந்தியம்மா, பூனையின் மீசை தெரிந்தது! எலியின் பல்லும் தெரிந்தது!

டிவியைப் போட்டோ எடுத்துச் சத்யராஜுக்கு அனுப்பினேன், அவன் அதைத் திரிஷாவுக்குக் காட்டினான். மறுநாள் சனிக்கிழமை, குழந்தை ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். அன்றைக்கு உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று கோபித்துக்கொண்டீர்களாம். காரணம் இதுதான்.

அது மட்டுமா? வந்தவள் ரிமோட்டை எடுத்து ஒரு அழுத்து அழுத்தினாள், எதிர் வீட்டிலிருந்து "அய்யோ!" என்று ஒரு சத்தம். மறுபடி அழுத்தினாள், மறுபடி "அய்யய்யோ!" அங்கே இருப்பது ரிட்டையர்டு கண்டக்டர் கலியாணசுந்தரம். முனிரத்தினம் தன் சொந்தச் சேனலில் போடுகிற பழைய படம் ஒன்றுகூட விடாமல் பார்ப்பவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்து, "வில்லன் கத்தியை ஓங்குறான், நான் நாற்காலி நுனியில குந்திக்கினு இருக்கேன், கத்தி எறங்கலை, ஒரு திமிங்கலம் வாயைத் தொறந்துக்கினு வருது! யாருடா எடிட்டிங்கு?" என்று கத்தினார். பக்கத்து வீட்டு ஷமீம் பானு தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டே வந்து, "சம்பூர்ணக்கா, எங்க வூட்லயும் அதே திமிங்கலம்தான்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. திரிஷாவுக்குப் புரிந்துவிட்டது, படிக்கிற பிள்ளை. முனிரத்தினத்தின் லைன் என் ஜன்னல் வழியாகத்தான் இந்தத் தெருவில் மற்ற வீடுகளுக்குப் போகிறது. நான் போட்ட பிணைப்பில் என் டிஷ் அந்த ஒயரில் ஏறி, அவர் படச் சேனலை விழுங்கிவிட்டு, வீடு வீடாக ஓடிக்கொண்டிருந்தது. "ஆயா, நீ இன்னா பாக்குறியோ அதான் தெருவே பாக்குது!" என்று குழந்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நினைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டு டிஷ்ஷில் உங்கள் வீடு மட்டும்தான் பார்க்கிறது.

முனிரத்தினம் ஏணியைத் தூக்கிக்கொண்டு கம்பம் கம்பமாக ஏறி இறங்கினார். கடைசியில் வியர்த்து வழிந்து என் வீட்டுக்கே வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, என் டிவி முன்னால் உட்கார்ந்து, "யாரோ மெட்ராஸ்ல இருந்து நம்ம லைனைப் புடிச்சிக்கினான்க்கா, பெரிய மூளைக்காரன்" என்றார். பெரிய மூளைக்காரன் என்று சொன்னதற்காக இரண்டு முறுக்கு சேர்த்து வைத்தேன்.

கலியாணசுந்தரத்துக்கு மட்டும் சந்தேகம் வந்துவிட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, என் டிவியில் திமிங்கலம், தன் வீட்டிலும் திமிங்கலம், இரண்டு தடவை தெருவைத் தாண்டிப் போய் வந்து ஒத்துப் பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று நான் தயாராக இருந்தேன். மனிதர் குரலைத் தாழ்த்தி, "திரிஷா கண்ணு, சாயங்காலம் கிரிக்கெட்டு இருக்குது, வெப்பியாமா?" என்றார். அவ்வளவுதான். ஷமீம் பானு சமையல் நிகழ்ச்சி கேட்டு ஒரு டப்பா நிறைய மக்கன் பேடா அனுப்பினாள். முனிரத்தினத்தின் பழைய படத்துக்கு ஒருவரும் அழவில்லை. நம் பேத்தி ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு கலெக்டர் மாதிரி உட்கார்ந்து, "கிரிக்கெட் முடிஞ்சப்புறம்தான் சமையல், யாரும் கத்தக்கூடாது" என்று ஜன்னல் வழியாகத் தீர்ப்புச் சொன்னதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போகும்போது, "அடுத்த வாரமும் இந்தப் பக்கம்தான் ஆயா" என்று அவளாகவே சொன்னாள். நான் சொல்லச் சொல்லவில்லை.

ஆகையால் சம்பந்தியம்மா, இனிச் சனிக்கிழமைகளில் திரிஷாவுக்காக மீன் வாங்கி வைத்து வீணாக்க வேண்டாம். உங்களுக்கும் டிவி பார்க்க ஆசை வந்தால் கூச்சப்படாமல் இங்கு வரலாம். குடை கொண்டுவரத் தேவையில்லை.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல், உங்கள் கோழிகள் முட்டை குறையாமல், உங்கள் வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு ஏறாமல் எல்லாரும் நெடுநாள் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு முத்தம்.

இப்படிக்கு,
தெருவுக்கே படம் காட்டும்,
சம்பூர்ணம்.

பின்குறிப்பு: இன்று வெள்ளிக்கிழமை. ஸ்டாம்பு வாங்கப் போவதற்குள் இவ்வளவும் நடந்துவிட்டது. எங்கள் ஊரில் பழைய கேபிள் லைனை நிறுத்தச் சொல்லி சர்க்கார் ஆர்டராம். முனிரத்தினம் வீட்டுக்கு வீடு புதுப் பெட்டி கொடுத்துவிட்டுத் தன் ஒயரையெல்லாம் சுருட்டிக்கொண்டு வந்தவர், என் ஜன்னலில் துணியைப் பிரித்தார். விரலில் ஒட்டியதை முகர்ந்து பார்த்தார். "யக்கா, மெட்ராஸ்காரன் சாம்பல் தொட்டா முடிச்சு போடுவான்?" என்றார். "முடிச்சு இல்லப்பா, பிணைப்பு" என்று சொல்லிவிட்டேன், வாய் சும்மா இருக்கவில்லை. அவர் திட்டவில்லை. ஒயரைச் சுருட்டிக்கொண்டு, "இன்னொரு முறுக்கு குடு" என்றார். இப்போது தெருவில் அவரவர் வீட்டில் அவரவர் திமிங்கலம். திரிஷாவிடம் போனில் சொன்னேன். முதலில் உச்சுக் கொட்டினாள். பிறகு, "ஆயா, வாலாஜாபாத் ஆயா தெருவுல இன்னும் பழைய ஒயர்தான் இருக்குது" என்றாள்.

நாளைக்கு அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பாள். நானும் ஐயம்பேட்டையில் இறங்கி அவளோடு அந்தப் பக்கமே நிற்கப் போகிறேன். சத்யராஜ் இன்று சாயங்காலம் அங்கு வருவதால் இதை அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடத்தான் நினைத்தேன், மனசு வரவில்லை. ஆனால் சர்ச்சு அம்மாக்களுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். உங்கள் வீட்டுக் கொல்லையில் தொங்கும் பழைய கேபிள் ஒயரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு முழம் இருந்தால் போதும். உங்களுக்கு கேஸ் அடுப்பு என்பதால் சாம்பல் நானே கொண்டுவருகிறேன். மீன் வாங்குங்கள். உங்கள் எதிர் வீட்டுக்காரர் வழக்கமாக என்ன பார்ப்பார் என்பதை மட்டும் விசாரித்து வையுங்கள்.