மூத்த மாப்பிள்ளையின் வண்டிச் சத்தம்

பாப்பாரப்பட்டி கடைத்தெருவில் வண்டி மறுபடியும் நின்றுபோனது.

வீரமணி கிக்கரை உதைத்தான். வண்டி இருமியது, குலுங்கியது, 'தடக்... தட்... தடக்' என்று யோசித்து யோசித்து ஓடியது, பிறகு 'புஸ்' என்று அடங்கியது. பின்னால் பலகாரத் தூக்கோடு உட்கார்ந்திருந்த மனைவி சோபனா, தெருவே பார்க்கிறதே என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆடிப் பதினெட்டுக்கு மாமனார் வீட்டுக்குப் போகிற லட்சணம் இது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானங்க ஓடுச்சு. என்னா பண்ணுனீங்க இதை?"

"சும்மா சர்வீஸ்தான்" என்றான் வீரமணி.

சும்மா சர்வீஸ் இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் இளம்பரிதி. சோபனாவின் தங்கை ஐஸ்வர்யாவைக் கட்டியவன்; தர்மபுரியில் ஃபைனான்ஸ் கம்பெனி வேலை. அவனுடைய கூலிங் கிளாஸையும் கழுத்துச் சங்கிலியையும்கூட வீரமணி பொறுத்துக்கொண்டான். அவன் பைக்கின் சத்தத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாரியம்மன் பண்டிகையன்று ஏரியூர்ப் பக்கத்து மாமனார் வீட்டில் நடந்தது இன்னும் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. வீரமணி போய் இறங்கியபோது மாமனார் பெரியண்ணன் கட்டிலில் படுத்தபடியே கையை ஆட்டினார். "வாங்க மாப்ள. சேர் அந்தாண்ட கெடக்குது, இழுத்துப் போட்டுக்குங்க." மாமியார் காசியம்மாள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. வாசல் வேப்பமரத்தடியில் கட்டியிருந்த பசுகூட அவனைத் தலைதூக்கிப் பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் சாலைத் திருப்பத்தில் இளம்பரிதியின் வண்டி 'தடக்... தடக்' என்று கேட்டது. அவ்வளவுதான். மாமனார் வேட்டியை அள்ளிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மாமியார் கொல்லைப்பக்கம் ஓடினாள். வரவேற்க ஒருவர், கோழி பிடிக்க ஒருவர் என்று வீரமணி புரிந்துகொண்டான். அன்றைக்குத் தின்ற கோழி அவனுக்குச் செரிக்கவே இல்லை.

மூத்த மருமகன் இவன். இவனுக்குக் கையாட்டல், நேற்று வந்தவனுக்கு ஓட்டமா? பத்திர எழுத்தர் ஆபீசில் டைப் அடிக்கும்போதும் காதுக்குள் 'தடக் தடக்'. இத்தனைக்கும் இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி வண்டிதான். விசாரித்ததில், இளம்பரிதி எஞ்சினில் கேம்ஷாஃப்ட்டை மாற்றியிருப்பது தெரிந்தது. வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு அது. கம்பெனி போட்டதைக் கழற்றிவிட்டு, வெளியில் விற்கிற முரட்டுத் தண்டைப் போட்டால் அப்படிச் சத்தம் வருமாம்.

மெக்கானிக் சிவக்குமார் தலையைச் சொறிந்தார். தண்டை மாற்றினால் மட்டும் போதாது, கார்புரேட்டரையும் அதற்குத் தக்கபடி டியூன் பண்ண வேண்டும், வண்டியை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்றார். விடிந்தால் பண்டிகை. சத்தம் வருமா, அதைச் சொல்லுங்கள் என்றான் வீரமணி.

"சத்தம் நல்லா வரும் சார். வண்டி நின்னு போச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது."

முதல் பாதிதான் வீரமணியின் காதில் விழுந்தது.

இப்போது அவரையே போனில் கூப்பிட்டான். நிற்கும்போது எஞ்சின் அணையாமல் வைக்கிற ஐடில் ஸ்க்ரூவை ஒரு பொட்டு ஏற்றச் சொன்னார். வீரமணி தாராளமாக ஏற்றினான். வண்டி நிற்கவில்லை, நின்ற இடத்திலேயே சாமி வந்ததுபோல் ஆடிக்கொண்டு கத்தியது. பூக்கடைக்காரப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

பென்னாகரம் வருவதற்குள் தூக்கிலிருந்த முறுக்கு மாவாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு அருகே வேகத்தைக் குறைத்ததும் வண்டி திரும்பவும் செத்தது. இந்த முறை யாரையும் கேட்காமல் சோக்கை இழுத்தான். சைலன்ஸர் 'டமார்' என்று வெடித்துக் கரும்புகையைக் கக்கியது. சோபனாவின் மஞ்சள் பட்டுப் புடவை பாதி கறுப்பாகியிருந்தது.

அவள் இறங்கினாள். "நான் பஸ்ல போறேன். நீங்க இதைக் கூட்டிக்கிட்டு மெதுவா வாங்க."

வீரமணிக்கு வருத்தமில்லை. வரவேற்பில் பங்குக்கு ஆளில்லை என்பது ஒருவகையில் நல்லதாகப் பட்டது. த்ராட்டிலை விட்டால் வண்டி நின்றுவிடும், விடாவிட்டால் நிற்காது என்கிற அளவுக்கு விஷயம் புரிந்துவிட்டிருந்தது. விடாமல் முறுக்கிக்கொண்டு, வேகத்தடைகளில் எகிறிக் குதித்து, சோபனா ஏறிய பஸ்ஸையும் முந்திக்கொண்டு போனான். ராகிக் காட்டில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வலது கை மரத்துப்போயிற்று. ஆனால் இளம்பரிதி வண்டியைவிட இது ஜாஸ்தி கத்துகிறது என்று நினைக்க நினைக்க வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சாலைத் திருப்பம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினான்.

மாமனார் வேட்டியை அள்ளிக் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்தபடி ஓடி வந்தார். மாமியார் கொல்லைப்பக்கம் ஓடினாள். கோழிக்குத்தான், வேறெதற்கு? வீரமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இருங்க மாமா, ஓடியாராதீங்க, நானே வர்றேன்" என்று கும்பிடுவதற்காகக் கையை எடுத்தான். எடுக்கக் கூடாத கை அது. வண்டி 'டமார்' என்று வெடித்து அணைந்தது.

மாமனார் அவனைத் தாண்டி ஓடினார்.

வீரமணி சுற்றிலும் பார்த்தான். வேப்பமரத்தடியில் வெறும் முளைக்குச்சிதான் இருந்தது. சினைப்பசு வேலியைத் தாண்டிக் கடலைக்காட்டுக்குள் பாய்ந்து போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் பெரியண்ணன். அவர் பின்னால், வாசலில் சேர் போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்த இளம்பரிதியும் டம்ளரோடு ஓடினான். அவனுடைய பைக்கைக் காணோம். அது நிற்கிற இடத்தில் சத்தமே போடாத பேட்டரி ஸ்கூட்டர் ஒன்று நின்றது.

காசியம்மாள் கொல்லையிலிருந்து மூச்சிரைக்க வந்தாள். கையில் கோழி இல்லை. தடியான கயிறு ஒன்று இருந்தது. முளைக்குச்சியைப் பார்த்தாள், புகைந்துகொண்டிருந்த வண்டியைப் பார்த்தாள், பிறகு மருமகனைப் பார்த்தாள்.

"இந்தச் சத்தம் கேட்டாலே மாடு அத்துக்கிட்டு ஓடுதுங்க, வந்தா பெரிய மாப்ளையாட்டம் சத்தமில்லாம வாங்கன்னு சொல்லிச் சொல்லி, போன வாரந்தான் சின்ன மாப்ளைய அந்த வண்டிய விக்க வெச்சோம்."