குக்கு அக்காவின் மூன்று நகங்கள்

ஈப்போவில் அந்தக் காலத்தில் குக்கு அக்காவைவிட நன்றாக நகம் ஒட்டத் தெரிந்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் ஒட்டி முடித்த கையோடு, "விழுந்துரும் பாரு" என்று சொல்லி அனுப்பிவைத்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். மலாய் மொழியில் குக்கு என்றால் நகம். அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் கொடுக்கிற ஆளைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் பிறந்த நேரம். ஜெலாப்பாங்கில் ஒரு வரிசை வீட்டை ரப்பர் தோட்டத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். எல்லோருக்கும் எலெக்ட்ரானிக் பாக்டரியில் வேலை. காலை ஷிப்டு போகிறவள் எழுந்த பாயில் இரவு ஷிப்டு முடித்தவள் வந்து படுப்பாள். ஓட்டைச் சாக்கடை, ஓயாத மத்தியான மழை, எந்நேரமும் காயாத துணி. வீடே அழுதுகொண்டிருப்பது போதாதென்று, நடுக்கூடத்தில் குக்கு அக்கா உட்கார்ந்திருப்பாள்.

புதுக் குடையை விரிக்கும்போதே "இது கிழிஞ்சிரும்" என்பாள். சோறு நன்றாக வெந்தால் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும் என்பாள். பாக்டரி பஸ் தாமதமாக வந்தால் அவளுக்குக் கவலையில்லை. நேரத்துக்கு வந்துவிட்டால்தான் முகம் வெளுத்துவிடும்.

"இன்னிக்கி சொன்ன நேரத்துக்கு வந்துருச்சிலா. போற வழியில கவுந்துருமோ என்னமோ."

பஸ் ஒருநாளும் கவிழவில்லை. இறங்கும்போது டிரைவரை ஒரு மாதிரி பார்ப்பாள், ஏமாற்றிவிட்டான் என்பதுபோல. எங்கள் சரசுவுக்குச் சம்பளம் கூட்டியபோது வீடே கொண்டாடியது. குக்கு அக்கா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சம்பளத்த ஏத்துறானா? அப்ப வேலய விட்டு ஆள நிப்பாட்டப் போறான்." சரசு அன்று கறி வாங்கி வந்திருந்தாள். யாருக்கும் அது இறங்கவில்லை.

சும்மா ஒருத்தி இப்படி ஆகிவிடமாட்டாள். அவள் பீடோர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். சின்ன வயதில், ரப்பரை ஷீட்டாக அழுத்துகிற மெஷினுக்குள் கட்டியைத் தள்ளும்போது, உருளை அவள் வலது கையையும் சேர்த்து இழுத்துவிட்டது. விரல்கள் பிழைத்தன. நடு மூன்று விரலில் நகம் மட்டும் போனது போனதுதான். அந்த இடத்தில் வழவழவென்று வெறும் தோல்.

பாக்டரியில் அவளுக்குப் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்று. கை வியர்வை சின்னச் சின்னச் சாமான்களில் படக்கூடாதென்று எல்லோரும் விரல் நுனியில் ரப்பர் தொப்பி மாட்ட வேண்டும். "உள்ள போய்ட்டா எல்லாருக்கும் என்னோட வெரலுதான்" என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வரும்.

வெளியே வந்தால் உலகம் தொப்பி போட்டுக்கொண்டா இருக்கிறது? இரண்டு இடத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். இரண்டு இடத்திலும் கோப்பித் தட்டை நீட்டியதோடு கதை முடிந்தது. ஒரு மாப்பிள்ளையின் தாயார் தட்டில் கை வைக்காமலே கேட்டாராம்: "கையில என்னாம்மா, ஏதும் சீக்கா?" அன்றிலிருந்து அவள் வெளியாள் முன்னால் கையால் பிசைந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். அப்பளத்தைக்கூடக் கரண்டியால் சாப்பிட்டாள். வயதோ முப்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது. மூன்றாவதாக ஒரு மாப்பிள்ளை வீட்டார் வரப்போவதாக அவளுடைய அண்ணன் சொல்லி அனுப்பியபோது, "உப்பு விக்கப் போனா மழ பெய்யும், மாவு விக்கப் போனா காத்தடிக்கும். வரட்டும், வந்துட்டுப் போவட்டும்" என்று படுத்துக்கொண்டாள்.

அந்த வாரம்தான் டவுனில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் அந்தப் பொட்டலத்தைக் கண்டோம். அட்டையில் வரிசையாகப் பிளாஸ்டிக் நகம், கூடவே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கம் டியூப். வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளலாம், புதியவர்களுக்கும் சுலபம் என்று போட்டிருந்தது. குக்கு அக்கா அதைக் கையிலெடுத்தவள் வைக்கவேயில்லை. வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம்வரை படித்து முடித்த ஒரே ஆள் என்பதால், நான் உள்ளே இருந்த தாளைப் படித்துச் சொன்னேன்.

"மொதல்ல உங்க சொந்த நகத்த எண்ணெப் பிசுக்கு இல்லாம நல்லா தொடைக்கணுமாங்க்கா."

அவள் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இல்லாதவ எதடி தொடைக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொய் நகம் ஒட்டவும் மெய் நகம் வேண்டும் என்பது அதுவரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தோலில் ஒட்டிப் பார்த்தாள். தண்ணீர் பட்டதும் கழன்றது. பிளாஸ்டர் வைத்து ஒட்டினாள். கோப்பிச் சூட்டுக்கு வளைந்துகொண்டு எழுந்தது. நாங்கள் கைவிட்டுவிட்டோம். எதிலும் நம்பிக்கையில்லாத அவள்தான் விடவில்லை.

அடுத்த விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போனவள், சாஸ் போத்தலில் ரப்பர் பால் கொண்டுவந்தாள். தீக்குச்சியில் தொட்டு, நகமில்லாத இடத்தில் ஒரு பூச்சு. காய்ந்ததும் இன்னொரு பூச்சு. அதன்மேல் இன்னொன்று. மெல்லிசாக ஒரு ரப்பர் மெத்தை படிந்ததும், அதன்மேல் கம் வைத்து நகத்தைப் பதித்தாள். நின்றது. பாத்திரம் தேய்த்தாள், துணி துவைத்தாள், அப்போதும் நின்றது.

"எடுத்த ரப்பரே திருப்பிக் குடுக்கட்டும்லா" என்றாள்.

நாற்றம் மட்டும் சகிக்கவில்லை. புளித்த பாலும் அமோனியாவும் சேர்ந்த வாடை. பஸ்ஸில் அவள் உட்கார்ந்த சீட்டுக்கு முன்னும் பின்னும் ஆள் இருக்காது. மேலே பவுடரைக் கொட்டிப் பார்த்தாள். பவுடர் போட்ட ரப்பர் ஸ்டோர் மாதிரி மணந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வரும்வரை கை பழக வேண்டுமே, அதற்கு நாங்கள் அகப்பட்டோம். ஞாயிறு காலையில் கூடத்தில் வரிசையாக உட்காரவைத்துப் பாடம் நடத்துவாள். கேட்டால் நகம் ஒட்டும் பாடம் மாதிரியே இருக்காது, சாவு வீட்டுக் காரியம் மாதிரி இருக்கும்.

"சுடுதண்ணியில கைய ஊற வை. ஓரத்துத் தோல மெதுவா தள்ளு. ஈரம் இருக்கக்கூடாது. அளவு பாரு, பெருசா இருந்தா தேய்ச்சிக்கலாம், சின்னதா இருந்தா ஒன்னும் பண்ண முடியாது. கம்ம கொஞ்சமா வை. அடியிலேருந்து சாய்ச்சி அமுக்கு, காத்து உள்ள போனா போச்சி. அமுக்கிக்கிட்டே இரு. ஆச்சா? இப்ப சாமியக் கும்பிட்டுக்க. விழுந்துரும்."

ஆரம்பத்தில் எல்லாம் விழத்தான் செய்தது. சரசுவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, அவள் அரை நாள் உப்புக் கிள்ளுகிற மாதிரியே வீட்டுக்குள் நடந்தாள். இன்னொரு நாள் சரசு அம்மியில் மிளகாய்ச் சம்பல் அரைத்துவிட்டுப் பார்க்கிறாள், ஒரு நகத்தைக் காணோம். சம்பலும் தீர்ந்துவிட்டிருந்தது. சாப்பிட்ட அத்தனை பேரும் வயிற்றைத் தடவிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "யாரு வயித்துல இருந்தாலும் கடைசியில என்னத்தான் சொல்லுவீங்க" என்றாள் குக்கு அக்கா.

போகப் போக அவள் கை தேறிவிட்டது. கல்யாணம், தைப்பூசம் என்றால் பக்கத்து வரிசைப் பெண்களெல்லாம் வந்து காத்திருந்தார்கள். சாபத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள்.

பெண் பார்க்கும் நாளில் அவளுடைய அண்ணன் வீட்டுக்கு நாங்களும் துணைக்குப் போனோம். மூன்று நகத்தையும் மற்றவற்றின் அளவுக்குத் தேய்த்து, பத்துக்கும் ரோஸ் நிறச் சாயம் பூசியிருந்தாள். எது பிறந்தது, எது ஒட்டியது என்று எனக்கே தெரியவில்லை. மாப்பிள்ளை ஜொகூரில் லோரி ஓட்டுகிறவர். அவருடைய அம்மா கோப்பெங்கில் இருந்து வந்திருந்தார். கட்டையான உருவம், வெற்றிலை வாய். கோப்பியை எடுத்தவர் அந்தக் கையையே பார்த்தார். கொஞ்ச நேரம் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

"நகமெல்லாம் சினிமாக்காரி மாரி வச்சிருக்க. இத வச்சிக்கிட்டு சட்டி பான கழுவுவியா?"

"கழுவுவேங்க அத்த" என்றாள் குக்கு அக்கா, தூக்குமேடையில் நிற்கிறவள் குரலில்.

சம்பந்தம் முடிவாகிவிட்டது. ஊரெல்லாம் வாழ்த்த, அவள் வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்து அழுதாள்.

"மத்தவளுங்களுக்கு ஒரு நாள் ஒட்டுனா போதும். எனக்கு ஆயுசுக்கும் ஒட்டணும்லா. எத்தன வருசம் இந்தப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறது?"

"பேசாம சொல்லிருங்கக்கா" என்றாள் சரசு.

"சொன்னா இப்பவே போயிருவாரு. சொல்லாட்டி கண்டுபுடிச்சிட்டுப் போவாரு. எப்படியும் போறவருதான், கொஞ்ச நாளு இருந்துட்டுப் போவட்டுமே."

இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவள் இளைத்துப்போனாள். மாப்பிள்ளை ஒருமுறை பார்க்க வருவதாகச் சொன்னபோது காய்ச்சலே வந்துவிட்டது. கல்யாணத்துக்கு வரக்கூடிய கெடுதல்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பந்தல் சாயும், ஐயர் வரமாட்டார், தாலி வாய்க்காலில் விழும், வெள்ளம் வந்து பாலம் உடையும். உலகத்தில் இருக்கிற அத்தனை ஆபத்தையும் யோசித்தவள், மருதாணியை மட்டும் யோசிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் நாங்கள் அவளுடைய தோட்டத்தில் இருந்தோம். மத்தியானம் எங்கள் எல்லோருக்கும் நகம் ஒட்டிவிட்டாள். எனக்குத்தான் கடைசியாக ஒட்டினாள், பார்த்துப் பார்த்து ஒட்டினாள். தன் கையில் பழைய சாயத்தைத் துடைத்து வைத்திருந்தாள். காலையில் பத்துக்கும் சிவப்புப் பூசிவிட்டால் தீர்ந்தது. சாயங்காலமே வந்து இறங்கிவிட்ட மாமியார் பீங்கான் மங்கில் அரைத்த மருதாணியோடு உள்ளே வந்தார்.

"எங்க வூட்டுல மாமியாதான் வைக்கிறது. நல்லா செவந்தா பாசம் ஜாஸ்தின்னு அர்த்தம். கைய நீட்டு."

வேண்டாம் என்று சொன்னால் அபசகுனம். பத்து விரலுக்கும் தொப்பி வைத்து, இலையைச் சுற்றித் துணியால் கட்டிவிட்டார். குக்கு அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பிளாஸ்டிக் சிவக்குமா? விடிந்ததும் கையைக் கழுவினாள். ஏழு நகம் வெற்றிலைச் சாறு மாதிரி சிவந்திருந்தது. மூன்று மட்டும் சுண்டலில் வேகாமல் நின்ற கடலை மாதிரி வெள்ளையாக முழித்தது. சாயத்தைத் தேடி நான் பையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே, சிவந்திருக்கிறதா என்று பார்க்க மாமியார் வந்து நின்றார்.

குக்கு அக்கா கையை மறைக்கக்கூட இல்லை. மாமியார் அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். அந்தக் கையை மடியில் எடுத்து வைத்து, மூன்று நகத்தையும் ரப்பரோடு சேர்த்து மெதுவாக உரித்தார்.

"நீ கோப்பி கொண்டாந்த அன்னிக்கே தெரியும். ஆயுசு பூரா பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டுனவ நான். ரப்பர் பாலு வாசன எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா... ஏங்க கேக்கல?"

"இவ்வளவு பாடுபட்டு மறைச்சிருக்க. அத ஏன் கெடுப்பானேன்னு உட்டுட்டேன். எம்மவன்கிட்டயும் அன்னிக்கே சொல்லிட்டேன். நகமா வந்து சோறு போடப் போவுதுன்னான்."

எங்களுக்குக் கண்ணீர் வந்தது. குக்கு அக்காவுக்குக் கோபம் வந்தது. கல்யாணப் பெண் என்பதையும் மறந்து வெடித்துவிட்டாள்.

"அப்ப இத்தன மாசம் நான் படுத்து அழுததுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது? அந்த மருதோணியாவது வைக்காம இருந்திருக்கலாம்ல!"

"பிளாஸ்டிக்கு செவக்காதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் அந்த அம்மாள். மிச்ச மருதாணியைப் பிசைந்து, அந்த மூன்று வெறும் விரல் நுனியிலும் மறுபடி தொப்பி வைத்தார். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதால் லேசாகத்தான் பிடித்தது. ஏழு விரல் சிவப்பு, மூன்று விரல் ஆரஞ்சு. அப்படியேதான் தாலி கட்டிக்கொண்டாள்.

ஜொகூருக்குக் கிளம்புமுன் என் காதில் சொன்னாள்: "இவ்வளவு நல்லவங்களா இருக்காங்கலா. சீக்கிரம் செத்துருவாங்க பாரு."

அவள் சொன்ன கெடுதல்களில் முக்கால்வாசி பலித்ததில்லை. இது பலித்துவிட்டது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அந்த அம்மாள் போய்விட்டார். பாக்டரியிலும் அதற்குள் ஆளைக் குறைக்க ஆரம்பித்திருந்தார்கள். முதலில் வேலை போனது சரசுவுக்குத்தான்.

சாவுக்கு நான் கோப்பெங் போனேன். மழை நிற்கவேயில்லை. வந்தவர்களுக்கெல்லாம் குக்கு அக்கா கோப்பித் தட்டை நீட்டிக்கொண்டு போனாள். மூன்று வெறும் விரலும் தட்டின் விளிம்பில் நன்றாகத் தெரிந்தன. சிலர் பார்த்தார்கள். அவள் மறைக்கவில்லை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என்னிடம் வந்தவள் என் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு ஒட்டிவிட்டது ஒன்னுகூட இல்லையாடி?"

"எல்லாம் விழுந்துருச்சிக்கா."

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல."

அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. எங்கே இருக்கிறாளோ, இருக்கிறாளோ இல்லையோ, தெரியாது. அன்று ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அவள் ஒட்டியதில் சுண்டுவிரல் நகம் ஒன்று மட்டும் வெகுநாள் விழாமல் நின்றது. அது விழுந்துவிடக் கூடாதென்று, ஜெலாப்பாங் வீட்டில் நான் ஒரு கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேதான் குளித்தேன்.